சரணத்தில் சொன்னது

ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சலுகை வந்திருக்கிறது, கவனித்தீர்களா? இனி மலைக்குப் போகலாம். இத்தனை வருஷமாக வீட்டு ஆண்கள் மாலை போட்டார்கள். நாம் விடியும் முன் எழுந்து குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அந்த மூன்று நாள் அடுத்த வீட்டில் ஒண்டிக்கொண்டு, அவர்களை வழியனுப்பி வைத்தோம். முழங்கால் தேய்ந்த பிறகு நம்மையும் கூப்பிடுகிறார்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து, தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிறவர்களில் சில பேர் இந்தக் கார்த்திகைக்கு மாலை போடுகிறார்கள். "அக்கா, நீயும் வாக்கா. உனுக்கின்னா, பொண்ணத்தான் கட்டிக் குடுத்துட்டியே" என்று மதியச் சோற்றின்போது ஒருத்தி ஆரம்பித்தாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி இருப்பது உண்மைதான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் முழங்கால் இல்லை. ஒரு பாதம். அதுவும் என்னுடையது இல்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்பின் மாற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் கேஸை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. எப்போதும் அணைத்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

எனக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்த வருஷம். பட்டாபிராமில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து, சந்தில் ஓட்டு வீடுகள், அதில் கடைசி வீடு எங்களுடையது. மிலிட்டரி கிடங்குக்குப் பிரிகிற சைடிங் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி வந்தால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். அப்பா தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டினார். வேலை விட்டு வரும்போது அவர் மேல் இரண்டு வாசனை வரும். ஒன்று லேத்து எண்ணெய். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் வந்திருக்கும்.

பட்டறையில் கறுப்புத் தோல் ஷூ கொடுத்திருந்தார்கள். முனையில் இரும்பு வைத்தது. அப்பா சந்துக்குள் திரும்பும்போதே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். டக், டக் என்று ஒரே சீராக வந்தால் தட்டை எடுத்து வைப்பாள். டக் என்று ஒன்று, அப்புறம் ஓர் இழுப்பு, அப்புறம் நிற்பது, மறுபடி இழுப்பு என்று வந்தால் என்னைப் பாயோடு மூலைக்குத் தள்ளிவிட்டு, "கண்ண மூடிக்கோ, தூங்கறாப்ல இரு" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஷூவைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் மாடிப்படியில் யார் ஏறினாலும் என் காது அடியை எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

கார்த்திகை பிறந்தால் எல்லாம் மாறும். அப்பா மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியோடு வருவார். ஷூ இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டி, அம்மாவே முக்காலி போட்டு ஏறிப் பரணில் வைப்பாள். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சத்தம் கிடையாது. வெறுங்காலோடு எப்போது வந்தார் என்றே தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் நின்றுகொண்டிருப்பார், திருநீறு வாசனையோடு. நாங்கள் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற மாதங்களில் "யோவ்" என்கிற அம்மாவும் சாமி என்பாள். "சாமி, சோறு போடட்டுங்களா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அந்த மண்டலம் முழுக்க அவர் வாயில் ஒரே வார்த்தைதான். எதிரே இன்னொரு சாமி வந்தால் சாமி சரணம். ரயிலில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சாமி சரணம். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டும் என்றாலும், போதும் என்றாலும் சாமி சரணம்தான். கையைப் பார்த்துத்தான் அம்மா புரிந்துகொள்வாள். கோபம் வந்தால்தான் வேடிக்கை. ஒரு சைக்கிள்காரன் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனான். அப்பாவின் வாய் பழைய வார்த்தைக்குக் குவிந்து, தடுமாறி, பல்லைக் கடித்துக்கொண்டு "சாஆமி சரணம்டா!" என்று கத்தியது. டோலக் மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டோலக் மாமாவைச் சொல்லவில்லையே. அப்பாவோடு மற்ற மாதங்களில் குடிக்கிறவரும், கார்த்திகை, மார்கழியில் அப்பாவின் பாட்டுக்கு டோலக் அடிக்கிறவரும் அவர்தான். அவரும் மாலை போடுவார். அப்பாவை மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகியவருக்கு சாமி என்று நாக்கு புரளாது. "மச்... சாமி" என்பார். "இது இன்னாடா மச்சசாமி, புதுசா எந்தக் கோயிலு?" என்று அப்பா கேட்பார்.

பஜனை சாயங்காலத்தில் கேட் ஓரத்துப் பந்தலில் நடக்கும். அப்பாதான் முன்பாட்டு. எங்கும் படித்துப் பாடுவதில்லை, அங்கேயே கட்டுவார். எனக்கு ஜோடி ஜால்ரா கொடுத்து முன்னால் உட்கார வைத்திருந்தார். வெண்கல ஜால்ரா, உள்ளங்கைச் சூட்டில் பித்தளை வாசனை மாதிரி ஒரு வாசனை வரும். அப்பாவின் பல்லவி இது:

ஏறி வாரோம் ஏத்துக்கோ,
எறங்கும்போது காத்துக்கோ.

இதைப் பந்தல் முழுக்கத் திருப்பிப் பாடும். பிறகு அப்பா மட்டும் தனியாக இரண்டு வரி எடுப்பார்.

கேட்டு மூடிப் போச்சுது, கூட்ஸு வண்டி வந்துது,
காத்து நிக்கும் நேரத்துல உம் பேரு வாயில் வந்துது.

நிஜமாகவே அப்போது கூட்ஸ் போகும். அந்தச் சத்தத்துக்குள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பெட்டி தாண்டியதும் "ஏறி வாரோம்" என்று இறக்குவார். ஜனங்கள் ஆர்ப்பரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யாவைக் கேட்டேன், சரணம் என்றால் என்ன என்று. "பாதம். பாதத்தில் போய் விழுவதால் அடைக்கலத்துக்கும் அந்தப் பேர். பாட்டில் பல்லவிக்கு அப்புறம் வருவதும் சரணம்தான்" என்றார். ஒரே வார்த்தை இத்தனை வேலை செய்கிறதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டால் சாமிக்குக் கோபம் வருமே! அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் குழம்புக் கையை நக்கிக்கொண்டே, "ஐயா கரீட்டாத்தான் சொல்லிக்கீறாரு. ஆனா பாட்றவனக் கேட்டா வேற சொல்வான்" என்றார்.

"இன்னா சொல்வான்?"

"பல்லவி ஊருக்கு. அத யார் வோணா பாடலாம், தூங்கிக்கினே கூடப் பாடலாம். சரணம் பாட்றவனுக்கு. அவன் ஊட்டுக் கதய அங்கதான் சொல்லிக்கணும். சொல்லிட்டு பல்லவிக்கு ஓடியாந்துடணும். அல்லாரும் புடிச்சிப்பாங்க."

அம்மா அடுப்படியிலிருந்து, "உங்கொப்பன் சரணம் வருசா வருசம் மாறும். பல்லவி மாறாது" என்றாள். அம்மா எந்தப் பல்லவியைச் சொன்னாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அந்தப் பல்லவி ஆரம்பித்துவிடும்.

அந்த வருஷம் அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பத்து வயதுக்குள் பெண் பிள்ளைகளும் மலைக்குப் போகலாம். அவர்களுக்கு மாளிகைபுரம் என்று பேர். "அட்த்த வருசம் உன்னத் தோள்ல தூக்கிக்கினு போறேன்மா. நீதான் என் மாளிகபுரம்." நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. அடுத்த கார்த்திகை வருவதற்குள் நடுவில் இத்தனை மாதம் கிடக்கிறதே, அதை எப்படிக் கடப்பது என்றுதான் யோசித்தேன்.

அம்மாவும் அதையேதான் யோசித்திருக்கிறாள். தை பிறந்து அப்பாவும் மற்றவர்களும் மலையிலிருந்து திரும்பிய அன்று, கோதுமை டின்னை என் தலையில் வைத்து மாவு மில்லுக்குக் கூட்டிப் போனாள். மில் வைத்திருந்தவர்தான் எங்கள் குருசாமி. புருவமெல்லாம் மாவு. மெஷின் ஓடுகிற இரைச்சலில் அம்மா கிட்டே போய்க் கத்திப் பேசினாள்.

"சாமி, நாளிக்கி மால கயட்ட வருவாரு. கயட்டாதீங்க."

"இன்னாமா சொல்ற? மலைக்கிப் போய் வந்தாச்சு. தேங்கா ஒடச்சிக் கயட்ட வேண்டியதுதான?"

"கயட்டினா சாயங்காலம் அந்த மன்சன் எங்க நிப்பாருன்னு உங்குளுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காவ? மாலன்றது இன்னா, நாயிக்குக் கட்ற சங்கிலியாமா?"

"எனுக்கு சங்கிலிதான் சாமி வோணும்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்தாள். குருசாமி பதறி மெஷினை நிறுத்தினார். திடீரென்று வந்த அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எய்ந்திரும்மா, எய்ந்திரு. சாமி சரணம், சாமி சரணம்" என்று பின்னால் நகர்ந்துகொண்டே போனார். அம்மா எழுந்தபோது நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. வீடு வரைக்கும் அதைத் துடைக்கவே இல்லை.

மறுநாள் கோயிலில் எல்லாரும் வரிசையாகக் கழற்றினார்கள். அப்பாவின் முறை வந்தபோது குருசாமி அவர் முகத்தைப் பார்க்காமல், "உனுக்கு நல்ல கொரல் கீது சாமி. பங்குனி உத்தரம் ஐயன் பொறந்த நாளு. அது வரிக்கும் போட்டுக்கினே இரு. அன்னிக்கி நீதான் பாடணும்" என்றார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தூணைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். பிறகு மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு, "செரி. இர்க்கட்டும்" என்றார். அவருக்கும் அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது அவர் அம்மாவுக்காகச் சம்மதித்தார் என்றே நினைத்தேன்.

டோலக் மாமா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "மச்சான், நான் ரிலீஸு! உனுக்கு இன்னும் ஜாமீன் கெடைக்கலியா?"

"சாமின்னு சொல்றா."

"மச்சசாமி."

தை, மாசி, பங்குனி. என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் எவை என்று கேட்டால் இவைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தூங்கினாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பா எனக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். பின்னல் கோணலாக வரும், லேத்தில் நூல் பிசகாமல் கடைகிற கை என்று சொல்ல முடியாது. குமணன்சாவடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், மூன்று பேருமாக, பஸ்ஸில், நடுவில் நான். எல்லாரும் அப்பாவுக்கு வழி விட்டார்கள். சாமி, சாமி என்று.

சந்தோஷமாக இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முக்காலி போட்டு ஏறிப் பரணைப் பார்ப்பேன். செய்தித்தாள் பொட்டலம் இருக்கிறதா? சணல் முடிச்சு அப்படியே இருக்கிறதா? இருக்கும். இறங்கி வந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

வேலையில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. கார்த்திகையிலிருந்து பொங்கல் வரைக்கும் மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு வருவார்கள் என்பதால் ஃபோர்மேன் அவர்களை மெஷினில் விடமாட்டார். எண்ணெய் துடைக்கிறது, பெட்டியில் அடுக்குகிறது என்று ஒதுக்கிக் கொடுப்பார். பொங்கல் கழிந்தால் அவரவர் மெஷினுக்குப் போக வேண்டும். லேத்தைச் சுற்றிலும் இரும்புச் சுருள் உதிர்ந்து கிடக்கும், பிளேடு மாதிரி. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஃபோர்மேன் திட்றாரு. வேலைக்கி மட்டும் ஷூ போட்டுக்கலாம், தப்பில்லன்னு குருசாமி கூட சொல்லிட்டாரு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "முந்தின வருசம் இப்டித்தான் நடுவுல ஷூவ எட்த்துப் போட்ட. அன்னிக்கி எங்க பூந்துட்டு வந்த? மாலையோட!"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். அம்மா விடவில்லை.

"ஷூவுக்கு எறங்கின காலு கடைக்கி எறங்காதா?"

"செரி, உடு. தொடப்பத்தால தள்ளிட்டு நிக்கறேன். மரப்பலக குடுத்துக்கீறாரு. அது மேல ராஜாவாட்டம் நிப்பேன்" என்றார் அப்பா.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சந்தில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஷூவின் சத்தத்தில்தான் அவள் பத்து வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஷூ பரணில் இருக்கும் வரைக்கும் வீடு பத்திரம் என்று அவளுக்குக் கணக்கு.

மாசியில் எப்போதோ அப்பா ஒரு காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அம்மா ஒரு தரம் கேட்டாள், "கால்ல இன்னா சாமி?" "ஒண்ணுமில்ல, சும்மா. சில்லு ஏறிச்சி, புடுங்கிட்டேன்." அம்மா மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தாள். அவரே தடவிக்கொண்டார். வலி இருப்பதாக அவர் சொல்லவே இல்லை. ஒருவேளை வலிக்கவே இல்லையோ என்னவோ.

இன்றைக்கு நினைத்தால் என் மனசு ஆறாதது வேறு ஒன்று. ஷூ போட்டு நடந்த காலத்தில் அந்த மனிதரின் ஒவ்வொரு அடியும் எங்களுக்குத் தெரியும். எத்தனை குடித்திருக்கிறார், எந்தக் கால் தள்ளாடுகிறது என்று சந்து முனையிலேயே சொல்லிவிடுவோம். வெறுங்காலோடு அவர் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. குருசாமி மில்லின் முன்னால் பந்தல். வெயில் இறங்காத சாயங்காலம், சாம்பிராணிப் புகை சுழன்று சுழன்று கீழேயே நின்றது. அப்பாவின் முகம் மினுமினுப்பாக இருந்தது. நான் பக்கத்தில் ஜால்ராவோடு உட்கார்ந்தபோது அவர் தொடை என் தோளில் பட்டது, சுட்டது. வெயிலில் வந்த சூடு என்று நினைத்தேன். அப்பா அன்றைக்குப் பாடியது போல் எப்போதும் பாடியதில்லை. பல்லவி இரண்டு சுற்று வந்ததும் கையைத் தூக்கி டோலக்கை அடக்கச் சொன்னார். பிறகு எடுத்தார்:

முள்ளு குத்தி நின்னேன்டா, உம் பேரச் சொன்னேன்டா,
கல்லு குத்தி நின்னேன்டா, உம் பேரச் சொன்னேன்டா,
இரும்பு குத்தி நிக்கிறேன், இன்னா பேரச் சொல்லுவேன்?
உள்ள போயி குந்திக்கிச்சு, யாரக் கூட்டிச் சொல்லுவேன்?

டோலக் மாமா, "அடி சக்கை!" என்று ஒரு முத்தாய்ப்பு வைத்தார். குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சாமி!" என்றார். அப்பா இன்னொரு தரம் பாடினார், அதே நாலு வரியை, இன்னும் மெதுவாக. கடைசி வரியில் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பாடினார். அம்மாவுக்குப் பெருமையில் முகம் சிவந்துவிட்டது; முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பந்தல் மொத்தமும் கை தட்டிக்கொண்டே, "ஏறி வாரோம் ஏத்துக்கோ, எறங்கும்போது காத்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்தது. நானும் ஜால்ராவை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

பாடுகிறவன் தன் வீட்டுக் கதையைச் சரணத்தில்தான் சொல்வான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அன்று சொன்னார். ஊர் நன்றாகத் தாளம் போட்டது.

வருகிற சனிக்கிழமை தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றலாம் என்று குருசாமி சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து அப்பா வேலைக்கு எழுந்திருக்கவில்லை. காலைப் போர்வைக்குள்ளிருந்து அம்மா வெளியே இழுத்துப் பார்த்தாள். சாம்பிராணி இல்லாத வீட்டில் அப்போதுதான் அந்த அழுகல் வாசனை எனக்கு வந்தது. விரல்கள் கறுத்திருந்தன. பாதத்தின் அடியில் ஒரு துளை, அதைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக.

"இன்னாய்யா இது? சொல்லக் கூடாதாய்யா?" என்று அம்மா அலறினாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் அவரை "ய்யா" என்றாள்.

"சொன்னனே" என்றார் அப்பா. காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தோம்.

டோலக் மாமாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "சர்க்கரை இவ்வளவு இருக்கே, யாருக்கும் தெரியாதா? கால்ல உணர்ச்சியே இருந்திருக்காதே" என்றார். யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால் காப்பியில் போடுவதுதான். அன்றைக்கே காலை எடுக்க வேண்டும் என்றார்கள், முழங்காலுக்குக் கீழே.

ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும் முன் நர்ஸ் ஒருவர் கத்திரிக்கோலோடு வந்தார். அவர் நல்ல மாதிரி. "கழுத்துல எதுவும் இருக்கக் கூடாதும்மா" என்றார். அம்மா இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதீங்க. குருசாமி வந்து கயட்டணும். தேங்கா ஒடைக்கணும். அறுத்துட்டா..."

"அறுக்கட்டும்டி, உடு" என்றார் அப்பா.

துளசி மாலை நறுக்கென்று அறுந்தது. நர்ஸ் அதை ஒரு பஞ்சுப் பொட்டலக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கூப்பிட நினைத்தேன். சாமி என்பதா, அப்பா என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் கதவு மூடிவிட்டது.

அப்புறம் நடந்ததை நீட்ட விரும்பவில்லை. உங்களுக்கே தெரியும், ஒற்றைக் காலோடு எந்தப் பட்டறையும் லேத்துக்கு ஆள் வைக்காது. அம்மா எஸ்டேட்டில் பெருக்கப் போனாள். சில வருஷத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நூல் வெட்டப் போனேன். அம்மா எதற்குப் பயந்தாளோ அது நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை. வெட்டிப்போன காலின் விரல்கள் வலிக்கிறது என்று அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். இல்லாத விரல் எப்படி வலிக்கும் என்று நாங்கள் விழித்தோம். மாத்திரைக்கு அந்த வலி கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் டோலக் மாமா வாசலில் தயங்கி நின்றபோது அம்மாவே அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாத்தே, ஒரு குவாட்டரு வாங்கியாந்து குடு. அந்த மன்சன் கொஞ்சம் கண்ண மூடட்டும்."

மாமா அழுதுவிட்டார். அம்மா அழவில்லை. தண்ணீர் கலந்து அவளே ஊற்றிக் கொடுத்தாள்.

மறு கார்த்திகை வந்தது. எனக்குப் பத்து ஆகப்போகிறது. மாளிகைபுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பரணில் ஷூப் பொட்டலம் அப்படியே இருந்தது. அதை எப்போது, யார் எடுத்தார்கள் என்று நினைவில்லை. ஜால்ராவும் போய்விட்டது. கேட் ஓரத்துப் பந்தலில் வேறு ஒருவர் முன்பாட்டு. அப்பாவின் பல்லவியைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் ஸ்பீக்கரில் அது வரும்போது கட்டிலில் படுத்திருந்த அப்பா மெல்லிய குரலில் கூடவே பாடினார். "ஏறி வாரோம் ஏத்துக்கோ." பிறகு சரணம் வரும். அப்பா வாயை மூடிக்கொள்வார். கூரையைப் பார்ப்பார். பல்லவி திரும்பி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார்.

"நீ ஒண்ணு எடேம்பா" என்றேன்.

"நானா? சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார். இன்னும் ஆறேழு வருஷம் இருந்தார். ஒரு சரணமும் பாடவில்லை.

நான் இப்போது காட்டுப்பாக்கத்தில் இருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் பிளாக்கின் கீழே இந்தக் கார்த்திகைக்கும் ஷாமியானா போட்டார்கள். நாலு நாளைக்கு முன்னால் பஜனை. நான் மாடியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பல்லவியைக் கேட்பதில்லை; சரணம் வரும்போது மட்டும் அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து நிற்பேன். பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். காட்டைப் பற்றி, மேட்டைப் பற்றிப் பாடினால் நிம்மதி. அன்று முன்பாட்டு ஒரு சின்ன வயதுக்காரன், சாப்பாடு டெலிவரி கொடுக்கிற பையன். "சிக்னல்ல நிக்கிறேன், தார் ரோடு சுடுது, பாதம் கொதிக்குது" என்று ஏதோ எடுத்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுப்பை அணைத்தேன். அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் வெறுங்காலோடு ஓரமாக நின்றான். வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, அழுக்குத் துணி.

"கால்ல இன்னாப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா? சுகர் பாத்தியா?"

"எனுக்கா?" என்று சிரித்தான். பக்கத்திலிருந்த பெண், அவன் அம்மாவாக இருக்க வேண்டும், என்னைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி பேச்சு? மால போட்டதுலர்ந்து எம் புள்ள எவ்ளோ நல்லா கீறான் தெரியுமா? அவன அப்டியே உடுங்க."

அப்பாவின் காலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளுக்குக் கேட்குமா? அந்த முகத்தை எனக்குத் தெரியும். நெற்றியில் மாவு மட்டும்தான் இல்லை.

"சாமி சரணம்மா" என்று பையன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். சிமெண்டுத் தரையில் அவன் போகிற சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்தேன். கேட்கவில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.